அமெரிக்க நாவல்களிற் பொருளும் வெற்றியும்

ஏழையாய்ப் பிறந்தவன் ஏழையாகவே இறத்தல் வேண்டுமென்பது விதியன்று. முயற்சியும் சிக்கனமும் உடைய எவனும் செல்வனாகலாம். இந்நம்பிக்கை அமெரிக்க மக்களின் உள்ளத்தில் ஒரு சமயக் கொள்கை போலவே வேரூன்றியது. அதற்குச் சிறந்த சான்றாக விளங்கியவர் பெஞ்சமின் பிராங்கிளின். பொஸ்டன் நகரில் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்ற ஒருவரின் மகனாக 1706ஆம் ஆண்டிற் பிறந்த அவர், அச்சுத் தொழில் பயின்று, பொருளீட்டி, நாட்டின் தலைமக்களுள் ஒருவரானார். தாம் பயில முயன்ற 13 நற்குணங்களையும், ஒரு நாளின் மணித்தியாலங்களை வகுத்துத் தாம் வரைந்த கால அட்டவணையையும் அவர் தம் சுயசரிதையிற் குறித்துவைத்தார்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் இருப்புப்பாதைகளும் ஆலைகளும் பெருகின. நாட்டுப்புற இளைஞர் நகரங்களை நாடினர். அக்காலத்தில் ஹொரேஷியோ அல்ஜர் எழுதிய சிறுவர் கதைகள் பிராங்கிளின் காட்டிய வழியையே போதித்தன. 1868இல் நூலாக வெளிவந்த ‘கந்தலாடை டிக்’ என்னும் கதையில், நியூயோர்க் தெருக்களிற் சப்பாத்துத் துடைக்கும் அநாதைச் சிறுவன் எழுத்துக் கற்கிறான், காசு சேர்க்கிறான், நேர்மை பேணுகிறான். ஆயினும் அவனை உயர்த்துவது உழைப்பு மட்டுமன்று. படகிலிருந்து நீரில் வீழ்ந்த ஒரு குழந்தையை அவன் காப்பாற்றுகிறான். அதன் தந்தையாகிய வணிகர் வாரத்துக்கு 10 டொலர் சம்பளத்தில் அவனைத் தம் இலிகிதனாக்குகிறார். முயற்சி அவனைக் கதவுவரை கொண்டு சென்றது. கதவைத் திறந்ததோ தற்செயல். நம்பிக்கையைப் பரப்பிய கதையினுள்ளேயே ஐயத்தின் வித்தும் கிடந்தது.

அவ்வித்து முளைத்ததைப் பெரியோர்க்கெழுதிய நாவல்களிற் காணலாம். வில்லியம் டீன் ஹவல்ஸ் 1885இல் வெளியிட்ட ‘சைலஸ் லப்பத்தின் எழுச்சி’ வெற்றி பெற்றவனின் கணக்கைச் சோதிக்கிறது. லப்பம் வேர்மொண்ட் மாநிலத்துக் கமக்காரன் மகன். தந்தையின் நிலத்திற் கிடைத்த கனிமத்திலிருந்து வர்ணப் பூச்சுச் செய்து பெருஞ்செல்வனாகிறான். பொஸ்டன் நகரத்து உயர்குடியினர் நடுவே மாளிகை எழுப்புகிறான். ஆனால், தொழில் செழிக்கவிருந்த வேளையிற் பங்காளியை அவன் வெளியேற்றியது அவன் மனைவியின் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பின்னர் வியாபாரம் நொடிக்கிறது. கட்டி முடியாத மாளிகையும் எரிந்துபோகிறது. மதிப்பிழக்கவிருக்கும் ஆலைகளைப் பிறர் தலையிற் கட்டினால் தப்பலாம் என்னும் நிலை வருகிறது. லப்பம் அதற்கு உடன்படாது, பொருளிழந்து, பழைய கமத்துக்கே மீள்கிறான். நூற்பெயர் கூறும் எழுச்சி அவன் செல்வம் சேர்த்த காலத்ததன்று. அதனை இழந்த காலத்ததேயாம்.

லப்பத்துக்குத் தேர்ந்து நடக்க இடமிருந்தது. தியோடர் டிரைசரின் மாந்தர்க்கு அவ்விடம் மிகக் குறுகியது. 1900இல் வெளிவந்த ‘சகோதரி கெரி’யில், சிக்காகோவுக்கு வேலை தேடி வந்த இளம்பெண் சப்பாத்துத் தொழிற்சாலையில் வாரத்துக்கு நாலரை டொலர் பெறுகிறாள். அதில் 4 டொலர் தமக்கை வீட்டில் உண்டி உறையுளுக்குக் கழிகிறது. எஞ்சிய அரை டொலருடன் கடைகளின் கண்ணாடிப் பெட்டகங்களை அவள் நோக்கும்போது, நல்லுரைகளின் வலு எவ்வளவென்பது புலனாகிறது. பிற்காலத்தில் அவள் நடிகையாகிப் புகழடைகிறாள்; அவளுக்காக யாவற்றையும் துறந்த ஹேர்ஸ்ற்வுட் தெருவில் இரந்து, இறுதியில் தன்னுயிரை மாய்க்கிறான். ஏறியவள் தகுதியால் ஏறினாளென்றோ, வீழ்ந்தவன் தகுதியின்மையால் வீழ்ந்தானென்றோ ஆசிரியர் தீர்ப்புக் கூறவில்லை.

1906இல் நிகழ்ந்த ஓர் உண்மைக் கொலையை ஆதாரமாகக் கொண்டு டிரைசர் 1925இல் வெளியிட்ட ‘ஓர் அமெரிக்கத் துன்பியல்’ இன்னும் ஆழச் செல்கிறது. தெருவிற் சமயம் போதிக்கும் வறியவர்களின் மகனான கிளைட், செல்வர் வீட்டுப் பெண்ணை அடையும் பொருட்டு, தன்னாற் கருவுற்ற தொழிற்சாலைப் பெண்ணைக் கொல்லத் திட்டமிடுகிறான். அவள் ஏரியில் மூழ்கி இறக்க, மரண தண்டனை பெறுகிறான். அவனைத் துரத்தியது பசியன்று, வெட்கம். வெற்றியே தகுதிக்குச் சான்றென்று கருதப்படும் சமுதாயத்தில் வறுமை வெறும் இல்லாமையாய் நிற்பதில்லை. அது குற்றமாகவே எண்ணப்படுகிறது.

அதே 1925ஆம் ஆண்டில் ஸ்கொட் பிற்ஸ்ஜெரல்டின் ‘மகத்தான கட்ஸ்பி’ வெளிவந்தது. வட டக்கோட்டாவின் எளிய குடும்பத்துப் பிள்ளை, மதுவிலக்குக் காலத்திற் கள்ளச் சாராய வியாபாரத்தாற் செல்வனாகி, இழந்த காதலியை மீட்பதற்காக இரவுதோறும் விளக்கொளியில் விருந்து நடத்துகிறான். அவன் கொலையுண்டபின், அங்கு உண்டு களித்த நூற்றுக்கணக்கானோருள் இறுதிச் சடங்குக்கு வந்தோர் மிகச் சிலரே. அவன் தந்தை ஒரு பழைய புத்தகத்தைக் கொணர்ந்து காட்டுகிறார். துயிலெழுதல், உடற்பயிற்சி, படிப்பு, வேலை எனச் சிறுவனாயிருந்தபோது அவன் எழுதிய கால அட்டவணை அதிலே இருக்கிறது. பிராங்கிளினின் பாடத்தை அவன் பிழையறவே கற்றிருந்தான். மகன் பெருநிலை அடைவான் என்பதற்கு அதுவே அத்தாட்சியென்று முதியவர் பெருமையுடன் படிக்கிறார்.

இந்நாவலாசிரியர்கள் முயற்சியைப் பழிக்கவில்லை. செல்வத்தை வெறுக்கும்படி போதிக்கவுமில்லை. ஈட்டிய பொருளின் மறுபக்கத்தில், அதற்காகக் கொடுத்த விலையையும் எழுதிக் கணக்கைச் சரிபார்த்தார்கள். பங்காளியின் இழப்பும், ஏரியில் மூழ்கிய பெண்ணும், ஆளில்லாச் சாவுவீடும் அக்கணக்கின் பதிவுகளாம்.