பழையதை மறக்க வேண்டிய கார்டு

ஒரு சர்வரில் ஓடும் மெய்நிகர் கணினிகள் பலவற்றுக்கும் கிடைப்பது மென்பொருள் உருவாக்கிய பாவனைச் சாதனங்களே. அவற்றை ரீசெட் செய்வது எளிது. அவற்றில் விர்ட்டியோ என்ற வகைச் சாதனம் என்றால், டிரைவர் அதன் நிலைப் பதிவேட்டில் 0 எழுதிவிட்டு, திரும்பப் படிக்கும்போது 0 வரும்வரை காத்திருந்தால் போதும். அசல் கிராபிக்ஸ் கார்டையே ஒரு மெய்நிகர் கணினியிடம் ஒப்படைக்கும்போதுதான் சிக்கல். லினக்ஸில் அதற்கு வழி செய்வது, 2012-இல் 3.6 பதிப்போடு வந்த விஎஃப்ஐஓ.

அந்த மெய்நிகர் கணினி திடீரென நின்றுபோனால் அதன் டிரைவரும் போய்விடும். கார்டு மட்டும் பாதி வேலையோடு, முந்தைய பயனரின் தரவைச் சுமந்தபடி நிற்கும். இப்படியே இன்னொருவரிடம் கொடுத்தால் அது பாதுகாப்பு ஓட்டை.

இதற்காகவே, கார்டு கணினியோடு இணையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தரத்தில் எஃப்எல்ஆர் என்ற ரீசெட் இருக்கிறது. லினக்ஸ் முதலில் சாதனத்தின் அமைப்புகளைச் சேமிக்கிறது. பிறகு சாதனம் நினைவகத்தைத் தொடாதபடி தடுத்து, நிலுவையிலுள்ள பரிமாற்றங்கள் முடியக் காத்திருந்து, ஒரே ஒரு பிட்டை எழுதுகிறது. 100 மில்லிவிநாடி அவகாசம். அதற்குள் சாதனம் தயாராகாவிட்டால் 60 விநாடிவரை விட்டு விட்டுக் கேட்டுப் பார்க்கும். விழித்துக்கொண்டதும் சேமித்த அமைப்புகளைத் திரும்ப எழுதும். முந்தைய பயன்பாட்டின் இரகசியம் எதுவும் மென்பொருள் படிக்கும்படி மிஞ்சக் கூடாது என்றும் தரம் கட்டாயமாகச் சொல்கிறது.

ஆனால் எஃப்எல்ஆர் வசதியே விருப்பத் தேர்வுதான். அது இல்லாத கார்டுக்கு மின்சேமிப்பு நிலைக்கு அனுப்பி மீட்கும் வழி உண்டு. எல்லாக் கார்டும் அதில் பழையதை மறப்பதில்லை. அதுவும் பலிக்காவிட்டால் பஸ் ரீசெட். ஒரு வீட்டு விளக்கை அணைக்கத் தெரு முழுக்க மின்சாரத்தை நிறுத்துவது போன்றது அது. அதே பஸ்ஸில் உள்ள சாதனங்கள் எல்லாமே விழும். ஆகவே அவை எல்லாம் ஒரே பயனரின் கையில் இருந்தால்தான் விஎஃப்ஐஓ அனுமதிக்கும்.

ஏஎம்டியின் போலாரிஸ், வேகா, நவி தலைமுறைக் கார்டுகள் பலவற்றில் பஸ் ரீசெட்டும் போதவில்லை. மெய்நிகர் கணினியை ஒருமுறை மூடினால், மறுபடி கார்டை எழுப்ப முழு சர்வரையே மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் ஆர்வலர்களே இந்தக் கார்டுகளுக்கென வெண்டார்-ரீசெட் என்ற கெர்னல் மாட்யூலை எழுதினார்கள். தயாரிப்பாளர் சிலிக்கானில் முடித்திருக்க வேண்டிய வேலை இது.

எஃப்எல்ஆர் வசதி உண்டு என்று அறிவித்தும் அது சரியாகச் செயல்படாத சாதனங்கள் இன்னும் மோசம். ஏஎம்டி மேட்டிஸ் தளத்தின் யுஎஸ்பி, ஆடியோ கன்ட்ரோலர்கள் எஃப்எல்ஆர் செய்தால் முடங்கியதால், அந்த முறையையே தவிர்க்கும்படி லினக்ஸில் விதிவிலக்கு எழுதப்பட்டது. 2021-இல் வந்த 5.15 பதிப்பிலிருந்து, எந்த ரீசெட் முறை வேண்டும் என்பதை நிர்வாகியே ஒவ்வொரு சாதனத்துக்கும் தேர்ந்தெடுக்கலாம். மெய்நிகர் கணினிக்கென்று கார்டு வாங்குபவர்கள், ஒருமுறை மூடித் திறந்து ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.