குத்தகை கைமாறினால் பிராதையும் திருத்துங்கள்

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் என எந்தப் பக்கம் போனாலும், உளுந்தும் மக்காச்சோளமும் போட்ட மானாவாரிக் கரிசலில் ஆங்காங்கே காற்றாலையோ சோலார் தகடோ நிற்பதைப் பார்க்கலாம். வானத்தைப் பார்த்து விதைப்பதைவிட வருஷக் குத்தகை மேல் என்று நீண்ட காலத்துக்கு நிலத்தை விட்டவர்களின் கணக்கு தப்பில்லை. ஆனால் இத்தகைய பத்திரங்களில் பெரும்பாலும் ஒரு பிரிவு இருக்கும்: குத்தகை உரிமையைக் கம்பெனி வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று. கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

சில வருஷத்தில் உரிமை இன்னொரு கம்பெனிக்குப் போகும். பெயரில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம் இருக்கும். பணம் வரும்வரை யாருக்கும் கவலையில்லை. பணம் நின்று, பாக்கி கேட்டு வழக்குப் போட்டால், ‘உரிமையை மாற்றிவிட்டோம், எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்கிறது முதல் கம்பெனி. இரண்டாவது கம்பெனியோ திவால் நடவடிக்கையில் இருப்பதாகச் சொல்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு அப்படி நேராது என்று நினைக்க வேண்டாம். சென்னையைச் சேர்ந்த காற்றாலை தயாரிப்பு நிறுவனமான ரீஜென் பவர்டெக்கே 2019இல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

முதல் கம்பெனியின் பதிலை அப்படியே நம்பிவிடக் கூடாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108(ஜே) பிரிவின்படி, உரிமையை மாற்றிக் கொடுத்த ஒரே காரணத்தால் குத்தகைதாரரின் பொறுப்பு நீங்கிவிடாது. பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால்தான் கதை மாறும். ஆகவே பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும், மாற்றுப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வாங்குங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது இவை கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது பிராது. முதல் கம்பெனி மீது மட்டும் வழக்குப் போட்டிருந்தால், குத்தகை கைமாறிய விவரத்தையும் புதிய கம்பெனியையும் அதில் சேர்க்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6ஆம் கட்டளை 17ஆம் விதி திருத்தத்துக்கு வழி தருகிறது. 2002க்குப் பிறகு அந்த வழி குறுகிவிட்டது. விசாரணை தொடங்கிய பின் திருத்த வேண்டுமானால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்கூட்டியே அதை எழுப்ப முடியவில்லை என்று கோர்ட்டை நம்பவைக்க வேண்டும். சாட்சியின் முதல் விசாரணைக்குப் பதிலாக அவருடைய பிரமாணப் பத்திரம் தாக்கலாகிவிட்டாலே வழக்கு விசாரணை தொடங்கிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லியிருக்கிறது. எல்ஐசி - சஞ்சீவ் பில்டர்ஸ் வழக்கில், 1986இல் போட்ட வழக்கின் நஷ்டஈட்டுத் தொகையைப் பல ஆண்டுகள் கழித்து உயர்த்த அனுமதித்ததை 2022இல் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது உண்மைதான். கோர்ட் தாராளமாக இருக்கும் என்று அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

ஏனென்றால் பாக்கிக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. புதிதாகச் சேர்க்கும் பிரதிவாதி மீது, அவரைச் சேர்த்த நாளில்தான் வழக்குப் போட்டதாகக் காலவரம்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கணக்கிடும். அவரை விட்டது நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று கோர்ட் ஏற்றால் மட்டுமே முந்தைய தேதி கிடைக்கும். சேர்க்கத் தாமதிக்கும் ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷ பாக்கி கைநழுவலாம்.

திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால், 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவு அந்தக் கம்பெனி மீதான வழக்குகளை நிறுத்திவைக்கும். அதன் வசம் உள்ள நிலத்தையும் அப்போது மீட்க முடியாது. இந்தத் தடை அந்தக் கம்பெனிக்கு மட்டுமே உரியது. முதல் கம்பெனி மீதான கோரிக்கையை அது தடுப்பதில்லை. பிராதில் இருவரையும் தனித்தனிக் காரணங்களோடு நிறுத்தவேண்டிய அவசியம் இங்கேதான் இருக்கிறது. திவால் நடவடிக்கையில் உள்ள கம்பெனி மீதான வழக்குக்கு, தடைக்காலம் காலவரம்புக் கணக்கிலும் சேராது.

வழக்கு நிற்கிறது என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. பழைய பாக்கிக்கு ‘பி’ படிவத்தில், இடைக்காலத் தீர்வு அலுவலரிடம், பத்திரிகை அறிவிப்பில் சொல்லும் தேதிக்குள் கோரிக்கை கொடுங்கள். தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றுவிட்டால், அதில் இடம்பெறாத பாக்கி அழிந்துபோகும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. நடவடிக்கை தொடங்கிய பின் சேரும் குத்தகையின் நிலை வேறு. நிலத்தைத் திரும்பப் பெறத் தடையிருப்பதால் பாதிக்கப்படும் உரிமையாளருக்குச் சேரவேண்டிய தொகை, நடவடிக்கையின் செலவாகக் கருதப்பட்டு முன்னுரிமை பெறும். அதைத் தனியாகக் கேளுங்கள்.

வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

திருத்த மனு அனுமதிக்கப்பட்ட பிறகும் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. கோர்ட் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 14 நாளுக்குள் பிராதைத் திருத்திவிட வேண்டும். தவறினால், கோர்ட் கூடுதல் அவகாசம் தந்தாலொழிய, கிடைத்த அனுமதியால் பயனில்லை.