ஓட்டுநரா, பேட்டரியா? பார்முலா ஒன் புதிய விதிகளும் கேமரன் மலை ரசிகர்களின் வாதமும்

கேமரன் மலை, பிப்.27 – பார்முலா ஒன் கார் பந்தயத்தின் 2026ஆம் ஆண்டுப் பருவம் மார்ச் 8ஆம் தேதி மெல்பர்னில் தொடங்குகிறது. நம் நேரப்படி நண்பகல் 12 மணி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் பட்டணத்தில் இருப்பவர்களுக்கும் பார்ப்பதில் சிரமம் இல்லை.

பருவம் தொடங்கும் முன் "இவ்வருடம் யாருக்குப் பட்டம்?" என்பதுதான் ரசிகர்களின் வழக்கமான வாதம். இம்முறை அது இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. தானா ராத்தா, பிரிஞ்சாங் கடைகளில் தே தாரிக்கோடு உட்காருகிறவர்களும், ரிங்லெட்டில் பழைய லேண்ட் ரோவரைப் பழுது பார்க்கிறவர்களும் இப்போது பேசுவது பேட்டரியைப் பற்றி. பாதி சக்தி மின்சாரத்தில் ஓடும் காருக்கு வெர்ஸ்டாப்பன் எதற்கு, ஹாமில்டன் எதற்கு என்கிறது ஒரு தரப்பு. மின்சாரத்தை எங்கே சேமிப்பது, எங்கே செலவழிப்பது என்று முடிவெடுப்பதும் ஓட்டுநர்தானே என்கிறது மறுதரப்பு.

இந்த வாதத்தைப் புரிந்துகொள்ள, என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடந்த ஆண்டுவரை பார்முலா ஒன் காரின் சக்தியில் பெரும்பகுதி பெட்ரோல் இயந்திரத்திலிருந்து வந்தது. மின் மோட்டார் தந்தது 120 கிலோவாட், அதாவது சுமார் 160 குதிரைத்திறன். இனி அது 350 கிலோவாட், சுமார் 470 குதிரைத்திறன். பெட்ரோல் இயந்திரத்தின் பங்கு ஏறக்குறைய 550 கிலோவாட்டிலிருந்து 400 கிலோவாட்டாகக் குறைகிறது. 1.6 லிட்டர் வி6 டர்போ இயந்திரம் அப்படியே இருக்கிறது. ஆனால் வெளியேறும் புகையின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்துவந்த எம்ஜியு-எச் என்ற கருவி நீக்கப்பட்டுவிட்டது. அது விலை உயர்ந்தது. சாலைக் கார்களுக்குப் பெரிதாக உதவாதது. அது இருந்தவரை புதிய நிறுவனங்கள் உள்ளே வரத் தயங்கின.

ஆக, இனி பேட்டரிக்கு மின்சாரம் முக்கியமாக பிரேக் பிடிக்கும்போதுதான் கிடைக்கும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஹைப்ரிட் காரில் இறங்கியவர்களுக்கு இது புதிதல்ல. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்க மிதிக்க பேட்டரி நிறையும். அதே காரில் மேலே ஏறும்போது அது வேகமாகக் காலியாகும். பந்தயக் காரிலும் இதே கதைதான். ஒரே வேறுபாடு, அங்கே ஏற்றமும் இறக்கமும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். பேட்டரியில் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய அளவு 4 மெகாஜூல். 350 கிலோவாட்டை முழுமையாகத் திறந்துவிட்டால் அது ஏறக்குறைய 11 விநாடிகளில் தீர்ந்துவிடும். அதனால் ஒரே சுற்றுக்குள் பலமுறை நிரப்பி, பலமுறை செலவழிக்க வேண்டும். ரிங்லெட் அணையில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறதோ அவ்வளவைத்தானே மின் நிலையத்துக்குத் திறந்துவிட முடியும்? அதைப்போலத்தான். பிரேக் பிடிக்க இடம் அதிகமுள்ள தடங்களில் பிரச்சினை குறைவு. நீண்ட நேர்பாதையும் குறைந்த வளைவும் உள்ள தடங்களில்தான் திண்டாட்டம்.

மின்சாரத்தைக் காலி செய்துவிட்டு நேர்பாதையின் கடைசியில் கார் வேகம் இழந்தால் பந்தயம் கேலிக்கூத்தாகிவிடும் என்ற அச்சம் கடைவீதியில் மட்டும் எழவில்லை. நேர்பாதையிலேயே கியரைக் குறைக்க வேண்டிய நிலை வரலாம் என்று மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2023லேயே எச்சரித்திருந்தார். விதிகளை வகுத்த அனைத்துலக மோட்டார் வாகனச் சம்மேளனமான எஃப்ஐஏவும் இதை அறியாமல் இல்லை. மணிக்கு 290 கிலோமீட்டரைத் தாண்டியதும் மின்சக்தி படிப்படியாகக் குறையும்படி விதி எழுதப்பட்டிருக்கிறது.

முந்துவதற்கான வழியும் மாறியுள்ளது. 2011 முதல் கடந்த ஆண்டுவரை இருந்த டிஆர்எஸ் இனி இல்லை. முன்னால் போகும் காருக்கு ஒரு விநாடி நெருக்கத்தில் இருப்பவர் மட்டும் பின்இறக்கையைத் திறந்துகொள்ளலாம் என்பது அந்த ஏற்பாடு. இனி குறிப்பிட்ட நேர்பாதைகளில் எல்லாக் கார்களும் முன்இறக்கை, பின்இறக்கை இரண்டையும் தாழ்த்திக் காற்றின் எதிர்ப்பைக் குறைக்கலாம். வளைவு வந்ததும் இறக்கைகள் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு விநாடி நெருக்கத்தில் துரத்துபவருக்குக் கிடைக்கும் சலுகை இப்போது மின்சாரமாக மாறியிருக்கிறது. மணிக்கு 337 கிலோமீட்டர் வரை அவர் முழு மின்சக்தியையும் பயன்படுத்தலாம்.

கார்களும் இளைத்துவிட்டன. குறைந்தபட்ச எடை 768 கிலோ; முன்பைவிட 30 கிலோ குறைவு. அகலத்தில் 10 சென்டிமீட்டரும் சக்கர இடைவெளியில் 20 சென்டிமீட்டரும் குறைந்துள்ளன. சில ஆண்டுகளாக லோரி அளவுக்குக் கார் பெருத்துவிட்டது என்று குறைபட்டுவந்தவர்களுக்கு இதில் கொஞ்சம் ஆறுதல்.

மூத்த ரசிகர்களின் கவலை வேறு. விதி மாறும்போதெல்லாம் ஒரு குழு மட்டும் தப்பித்து ஓடிவிடும் என்பது அவர்கள் அனுபவம். 2014இல் ஹைப்ரிட் இயந்திரம் வந்தபோது அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் 16ஐ மெர்சிடிஸ் வென்றது. தொடர்ந்து எட்டு ஆண்டுகள் குழுப் பட்டமும் அதற்கே. அதற்கு முன் 2009இல், விதியின் ஓட்டையில் புகுந்த இரட்டை டிப்யூசரால் பிரான் குழு பட்டத்தையே தட்டிச் சென்றது. இம்முறை பின்தங்கும் இயந்திர நிறுவனங்களுக்குக் கூடுதல் மேம்பாட்டு வாய்ப்பு தரப்படும் என்று விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். 2014இன் பாடம் அது.

ஆனாலும் பருவம் தொடங்கும் முன்பே ஒரு சர்ச்சை கிளம்பிவிட்டது. இயந்திரத்தின் அழுத்த விகித வரம்பு 18லிருந்து 16ஆகக் குறைக்கப்பட்டது. அதை அளப்பது இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது. சூடேறினால் உலோகம் விரியும். ஓடும்போது அந்த விகிதம் 16ஐத் தாண்டும்படி மெர்சிடிஸ் வடிவமைத்திருக்கிறதா என்று போட்டி நிறுவனங்கள் கேள்வி எழுப்பின. தங்கள் இயந்திரம் விதிக்கு உட்பட்டது என்பது மெர்சிடிஸின் நிலைப்பாடு.

இப்படிப்பட்ட சண்டைக்கு மலேசிய மண்ணே சாட்சி. 1999 அக்டோபர் 17இல் செப்பாங்கில் நடந்த முதல் பந்தயத்தில் எடி இர்வைனும் மைக்கல் ஷூமாக்கரும் பெராரிக்கு முதல் இரண்டு இடங்களைப் பெற்றுத் தந்தார்கள். சில மணி நேரத்தில், காரின் பக்கவாட்டுக் காற்றுத் தகடு 10 மில்லிமீட்டர் அளவு தவறியிருப்பதாகச் சொல்லி இருவரும் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். அது நிலைத்திருந்தால் மிக்கா ஹாக்கினன் அங்கேயே உலக வெற்றியாளர். ஒரு வாரத்துக்குள் மேல்முறையீட்டில் முடிவு மாறியது. கடைசிப் பந்தயத்தில் ஜப்பானில் வென்றுதான் ஹாக்கினன் பட்டத்தை எடுத்தார். அந்தத் தகட்டைப் பற்றி இன்றும் கோபத்தோடு பேசுகிறவர்கள் உண்டு.

சரி, குழுக்களும் ஓட்டுநர்களும்?

நடப்பு வெற்றியாளர் மெக்லாரனின் லாண்டோ நோரிஸ். 423 புள்ளிகள். வெர்ஸ்டாப்பனுக்கு 421. ஆகஸ்டு இறுதியில் முதலிடத்துக்கு 104 புள்ளிகள் பின்னால் இருந்தவர், இரண்டே புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்டார். நல்ல கார் இல்லாமல் ஓட்டுநர் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வர முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஓட்டுநர் தரப்பில் வாதாடுகிறவர்கள் கையில் இருக்கும் பெரிய துருப்புச் சீட்டும் அதுதான். ஆனால் வெர்ஸ்டாப்பனின் ரெட் புல் இவ்வருடம் முதன்முறையாகச் சொந்த இயந்திரத்தோடு, ஃபோர்டு கூட்டணியில் இறங்குகிறது. பக்கத்துக் காரில் இளைஞர் ஐசக் ஹஜார்.

41 வயது ஹாமில்டன் பெராரியில் முதல் ஆண்டு முழுக்க ஒரு பிரதான பந்தயத்தில்கூட முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. சீனாவில் ஒரு குறும்பந்தய வெற்றி மட்டுமே. அவர் ரசிகர்கள் இந்த விதி மாற்றத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆஸ்டன் மார்ட்டினில் ஹோண்டா இயந்திரமும் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியும் சேர்ந்திருக்கிறார்கள். 44 வயது அலோன்சோவுக்கு இதுவே கடைசி நல்ல வாய்ப்பாக இருக்கலாம். பதினோராவது குழுவாக காடிலாக் நுழைகிறது. பெரேசும் போட்டாசும் அதில் ஓட்டுகிறார்கள். ரேசிங் புல்ஸில் அறிமுகமாகும் அர்விட் லிண்ட்பிளாட் பிரிட்டிஷ்காரர்; தாய்வழியில் இந்திய வம்சாவளி.

ஸாபர் குழு இனி ஆவ்டி. 1997 முதல் 2005 வரை அந்தக் குழுவின் பெராரி இயந்திரத்தில் "பெட்ரோனாஸ்" என்ற பெயர் இருந்ததை நாற்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2010 முதல் அந்தப் பெயர் மெர்சிடிஸோடு இருக்கிறது. இவ்வருடம் உணவுப் பயிரல்லாத தாவரக் கழிவு, குப்பை போன்றவற்றிலிருந்து தயாரான நீடித்த எரிபொருளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. மெர்சிடிஸுக்கு அதை வழங்கும் பொறுப்பு பெட்ரோனாஸுடையது. மலேசியருக்கு இவ்வருடப் பந்தயத்தில் நேரடிப் பங்கு இருப்பது அந்த எரிபொருள் தொட்டியில்தான்.

பந்தயமே இங்கு வராதா என்ற கேள்வி எப்போதும் எழும். செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை 19 பந்தயங்கள் நடந்தன. கட்டணம் ஏறியது, டிக்கெட் விற்பனை இறங்கியது. ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போதே நிறுத்திவிட்டார்கள். மீண்டும் நடத்த உரிமைக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 கோடி ரிங்கிட் ஆகும் என்று அரசாங்கத் தரப்பு கூறியிருக்கிறது. மோட்டோஜிபி அங்கே தொடர்கிறது. அதற்குக் கூட்டமும் வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியதும் மோட்டார்சைக்கிள் பந்தயம்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பார்முலா ஒன் பந்தயத்தை எட்டிய தமிழர் என்றால் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டான் குழுவில் செப்பாங்கில் 11ஆவதாக வந்தார். 2012இல் எச்ஆர்டி என்ற கடைசி வரிசைக் காரில், மழை டயரோடு தொடங்கிய ஒரே முடிவால், பந்தயம் இடைநிறுத்தப்பட்டபோது பத்தாவது இடத்தில் இருந்தார். மீண்டும் தொடங்கியதும் ஜென்சன் பட்டன் அவர்மீது மோதி முன்இறக்கையை உடைத்துக்கொண்டார். பிறகு வெட்டலோடு உரசல். வெட்டல் அவரை வெள்ளரிக்காய் என்று ஏசினார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் இங்கே ஓட்டினார். இருவரின் தந்தையரும் கார் பந்தயத்தில் பெயர் எடுத்தவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கார்ட் பந்தயத்திலிருந்து ஒரு பிள்ளையை மேலே கொண்டுவர ஆகும் செலவு தோட்டச் சம்பளத்துக்குள் அடங்காது.

இப்போது இளையவர்களைப் பந்தயத்தின் பக்கம் இழுத்திருப்பவர் நடிகர் அஜித்குமார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் குழு தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. கடந்த டிசம்பரில் செப்பாங்கிலும் ஓடியது. அஜித்தைப் பார்க்கப் போய், டயர் தேய்மானம் பற்றிப் பேசத் தொடங்கியவர்கள் இன்று மலையிலும் இருக்கிறார்கள்.

மெல்பர்னில் முதலில் கவனிக்க வேண்டியது, வெல்பவரை அல்ல; நேர்பாதையின் கடைசி 100 மீட்டரை. அங்கே முன்னால் போகும் காரின் வேகம் தளர்ந்து பின்னால் வருபவர் சுலபமாகக் கடந்துபோனால், பேட்டரி தரப்பின் கை ஓங்கும். தளராமல் இருவரும் ஒன்றாக பிரேக்கில் இறங்கினால் மறுதரப்புக்குக் கொண்டாட்டம். ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் நம் நேரப்படி இரவு 9 மணிக்கு வரும். அமெரிக்காவின் ஆஸ்டின் போன்ற பந்தயங்களுக்குத் திங்கட்கிழமை விடியற்காலை எழ வேண்டும்; அன்று வேலை நாள்.