உங்களுக்குத் தெரியுமா? – கீழக்குயில்குடி

● மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் எத்தனை பேருக்குக் கோவலன் பொட்டல் தெரியும்? கோவலன் வெட்டுண்டது இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. 1980-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. கோவலன் கதைக்கு அதனால் சாட்சி கிடைத்துவிடவில்லை. ஆனால் இங்கே மனிதர்கள் வாழ்ந்து, இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தது மட்டும் உறுதியானது.

● அங்கிருந்து தேனி ரோட்டுக்கு வந்து, நாகமலை புதுக்கோட்டையில் இடதுபுறம் திரும்பினால் கீழக்குயில்குடி. ஆலமரம், தாமரைக்குளம், அய்யனார் கோயில், பின்னால் மொட்டைப் பாறையாகச் சமணமலை. சினிமாக்காரர்களுக்கும் கல்யாண போட்டோகிராபர்களுக்கும் பிடித்த இடம். பெரும்பாலானோர் குளக்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியதெல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது.

● மலையின் தென்மேற்குச் சரிவில் செட்டிப்புடவு என்ற குகை. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். கூரை வளைவில் வரிசையாக ஐந்து சிற்பங்கள். நடுவில் இருக்கும் மூவர் முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர்கள். கடைசியில் இருப்பவள் அம்பிகா இயக்கி. முதல் சிற்பம்தான் ஆளை நிறுத்திவிடும். சிங்கத்தின் மேல் ஏறிய ஒரு பெண் வில்லை வளைக்கிறாள். எதிரே யானை மேல் வாளும் கேடயமுமாக ஒரு வீரன். எறும்புக்கும் தீங்கு நினைக்காத சமயத்தின் குகையில் இப்படியொரு போர்க்களம்!

● படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறையில் எட்டுத் திருமேனிகள் வரிசையாக இருக்கின்றன. மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி எல்லோரும் உண்டு. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். அவற்றில் ஒன்று குணமதியார், அச்சணந்தி என்ற துறவியின் தாய். ஆனைமலை, அழகர்மலை, கொங்கர்புளியங்குளம், கருங்காலக்குடி என்று மதுரையைச் சுற்றியுள்ள மலைகளிலெல்லாம் இந்த அச்சணந்தியின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. மகன் துறவியானாலும் தாயின் பெயர் அவனை விட்டுப் போகவில்லை.

● இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிச்சம். பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தது, 9-ஆம் நூற்றாண்டு. உச்சியில் ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு. கர்நாடகத்துச் சமணர்கள் இவ்வளவு தூரம் வந்து போயிருக்கிறார்கள்.

● இதே மலைத்தொடரில் முத்துப்பட்டி. (பழங்காநத்தத்தை ஒட்டிய முத்துப்பட்டி வேறு, ஆட்டோக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.) அங்கே கற்படுக்கை ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் முசிறி என்ற ஊர்ப்பெயர் வருகிறது. ரோமானியக் கப்பல்கள் மிளகுக்கு வந்த சேரநாட்டு முசிறியாக அது இருக்கலாம்.

● மலை ஒரு பக்கம் இருக்கட்டும், ஊரின் கதை கசப்பானது. பிறமலைக் கள்ளர்களில் முதலில் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் கீழக்குயில்குடிக்காரர்களே, 1914-ல். ஊருக்குள் அதற்கு ‘ரேகைச் சட்டம்’ என்று பெயர், ஏனென்றால் குற்றம் செய்தானோ இல்லையோ, ஆண்பிள்ளை என்றால் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் காவலர் கண்முன் படுத்திருக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947-ல்தான். ஒரு தலைமுறை முழுக்க அதில் போயிற்று.

● போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். அதன்பின் பாறை கொதிக்கும். தண்ணீர் எடுத்துப் போங்கள். சாவியாலும் பெயிண்டாலும் உங்கள் பெயரைப் பாறையில் எழுதாதீர்கள். அங்கே ஏற்கெனவே எழுதியிருக்கும் பெயர்களைப் படித்துவிட்டு வந்தால் போதும்.