காப்பிக் கொட்டையும் நச்சுப்புகையும்

காப்பியின் மணத்தை அறியாதார் இலர். அதன் கொட்டை கடல் கடந்து செல்லுங்கால் எய்தும் இடர்களை அறிவாரோ சிலரே. அவற்றை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

காப்பிப் பயிர்க்குப் பெரும்பகையாவது காய்த்துளைப்பான் என்னும் சிறு வண்டு. ஆப்பிரிக்காவில் தோன்றிய இது, 1990-இல் நீலகிரியைச் சார்ந்த கூடலூரிலும், 2010-இல் ஹவாய்த் தீவிலும் காணப்பட்டது. பெண்வண்டு பழத்தைத் துளைத்து விதையினுள் முட்டையிடும்; புழுக்கள் அவ்விதையையே தின்று வளரும். வறுக்குங்கால் இவையெல்லாம் மடிந்தொழியும். ஆயினும், வறுக்காத பச்சைக் கொட்டையோடு வண்டு கப்பலேறி வரின், வந்திறங்கும் நாட்டுத் தோட்டங்கள் பாழாகுமன்றோ? ஆதலின், நச்சுப்புகையூட்டிய பின்னரே கொட்டையை ஏற்கும் இடங்களும் உள.

இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது மெதில் புரோமைடு. அது மூட்டையினுள் விரைந்து ஊடுருவிப் பூச்சியைக் கொல்லும். எனினும் ஓசோன் படலத்தைச் சிதைத்தலின், 1992-இல் அது மாண்ட்ரீல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுள் கொணரப்பட்டது. வளர்ந்த நாடுகட்கு 2005-ஆம் ஆண்டும் ஏனையவற்றிற்கு 2015-ஆம் ஆண்டும் எல்லையாயின. துறைமுகப் பூச்சித்தடுப்பு முதலிய சிலவற்றிற்கே விலக்குண்டு. அலுமினியம் பாஸ்பைடு வில்லையினின்றெழும் பாஸ்பீன் வாயுவும் வழங்குகின்றது. அதற்கு நாட்கள் பல வேண்டும்.

இயற்கை உழவர்க்கு இங்கோர் இடர்ப்பாடு. பல்லாண்டு நஞ்சு தொடாது விளைத்த கொட்டையும், துறையில் ஒருமுறை இப்புகையுண்ணின் இயற்கை விளைபொருள் என்னும் பெயரை இழக்கும். ஆகவே அன்னார், கரியமில வாயு நிரப்பல், கடுங்குளிரூட்டல் முதலிய வழிகளை நாடுவர். தோட்டத்தில், உதிர்ந்த பழங்களை எஞ்சாது பொறுக்கலும், பொறி வைத்தலும், வண்டைக் கொல்லும் வெண்பூஞ்சையைத் தெளித்தலும் உதவும்.

புகையை மறுத்தல் எளிது. வண்டைத் தடுத்தல் அரிது. நஞ்சை விலக்குவோர், வண்டில்லாத கொட்டையை அனுப்புதலையும் தம் கடனாகக் கொள்ளல் வேண்டுமென்பதே யாம் துணிந்தது.