சூடேறும் பிளக்கும் வீட்டுக்காரர் போட வேண்டிய கணக்கும்

மைசூரு மண்டி மொஹல்லாவைப் போன்ற பழைய கடைத்தெருப் பகுதிகளில், சுவருக்குள் ஓடும் வயர் எந்த ஆண்டில் போடப்பட்டது என்பது குடியிருப்பவருக்குத் தெரிந்திருப்பது அரிது. ஒரு ஃபேனுக்கும் இரண்டு பல்புக்கும் போட்ட அந்த வயரில்தான் இன்று கீசரும் ஃபிரிட்ஜும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடுகின்றன. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் வாட். பள்ளிக்கூடத்தில் தேர்வுக்காகப் படித்து மறந்த இந்தக் கணக்குதான் மின் நுகர்வோருக்கு உயிர்க்காப்பு. உரிமையைக் கேட்கும்போது கையில் இருக்க வேண்டிய ஆதாரமும் அதுவே. வயர்மேனுக்குத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். வயர்மேன் வந்து போன பிறகு எந்த பிளக்கில் எதைச் சொருகுவது என்று நாள்தோறும் முடிவெடுப்பவர் வீட்டுக்காரர்தானே.

2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அதன் தடை சுமார் 26 ஓம். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவதோ 6 × 230, அதாவது 1380 வாட். கீசரை அதில் மாட்டுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. “எம்.சி.பி. இருக்கிறதே, தானாக விழுந்துவிடாதா?” என்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 8.7 ஆம்பியர் சாதாரண ஓட்டம், அது அசையாது. சரியான சாக்கெட்டிலேயே மாட்டினாலும், பிடிப்பு தளர்ந்து வெறும் அரை ஓம் தடை சேர்ந்தால் போதும். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம் வந்துவிடும்: சுமார் 38 வாட். சால்டரிங் அயர்ன் வைக்கிற சூட்டை ஒரு பிளாஸ்டிக் பிளக்குக்குள் வைத்ததுபோல இது. பிளக் சூடாகிறது, பழுப்பேறுகிறது, நாற்றமடிக்கிறது என்றால் அந்த அரை ஓம்தான் பேசுகிறது. உடனே அணைத்து, சாக்கெட்டை மாற்ற வேண்டும். எம்.சி.பி.யின் கண்ணில் படாத இன்னொன்று ஷாக். ஈரக்கையோடு இருக்கும் உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்குக் குறையலாம். அப்போது 230 வோல்ட் கால் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்னோட்டத்தை உடலுக்குள் செலுத்தும். இதயத்தை நிறுத்த அது தாராளம், எம்.சி.பி.யை விழவைக்கவோ போதாது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதற்காகத்தான். அதை ஆடம்பரச் செலவு என்று தள்ளுவது உயிரோடு விளையாடுவது.

இந்த வர்க்கக் கணக்கின் மேல்தான் மைசூரு ராஜ்ஜியத்தின் மின்சார வரலாறே நிற்கிறது. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் நூறு மைலுக்குச் சற்றுக் குறைவான தொலைவு கடந்து, தமிழ்த் தொழிலாளர்கள் திரளாக உழைத்த கோலார் தங்கவயலுக்குப் போனது. பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தியதால் ஆம்பியர் குறைந்தது. ஆம்பியர் குறைந்ததால் கம்பியில் வீணாகும் வெப்பமும் குறைந்தது. வீட்டுக்குள் வோல்ட்டை உயர்த்த வழியில்லை. கனமான வயர் போட்டுத் தடையைக் குறைப்பது ஒன்றே வழி.

இந்தக் கணக்கு எல்லாச் சாதனத்துக்கும் பொருந்தாது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. மோட்டார் உள்ள ஃபிரிட்ஜுக்கும் பம்புக்கும் பெருக்கி வந்ததைப் பவர் ஃபேக்டரால் மீண்டும் பெருக்கினால்தான் உண்மையான வாட் கிடைக்கும். குறைந்த வோல்ட்டேஜிலும் இவை வேறுவிதமாக நடந்துகொள்ளும். 190 வோல்ட்டில் அந்தக் கீசர் 1365 வாட்தான் தரும், தண்ணீர் மெல்லக் காயும், அவ்வளவே. மோட்டாரோ அதிக ஆம்பியர் இழுத்துக் காயில் கருகலாம். ஆகவே “வோல்ட்டேஜ் சரியில்லை” என்று பொதுவாகப் புகார் சொல்வதைவிட, எந்த நாள், எந்த மணிக்கு எத்தனை வோல்ட் என்று ஒரு வாரம் குறித்துத் தருவது மேல். பல மின்னணு மீட்டர்களின் திரையிலேயே வோல்ட்டும் ஆம்பியரும் மாறி மாறி வரும்.

பில் சந்தேகத்துக்கும் இதே வழி. கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட்டைத் தாண்டினால் முழுப் பில்லும் கட்ட வேண்டும். தினம் ஒரு மணி நேரம் ஓடும் 2000 வாட் கீசரே மாதம் 60 யூனிட் எடுத்துவிடும். முதலில் அதைப் பார்க்க வேண்டும். அதற்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு ஹீட்டரை மட்டும் ஓடவிட்டு, வயர்மேனின் கிளாம்ப் மீட்டரால் அளக்கலாம். 225 வோல்ட், 4 ஆம்பியர் என்றால் 900 வாட். யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று பொறித்த மீட்டரில் சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 48 முறை மின்ன வேண்டும். அறுபதைத் தாண்டினால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி, இந்த எண்களோடு சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகத்துக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும், அவசரத்துக்கு 1912. எண்ணோடு போனால் மட்டும் கேட்டுவிடுவார்களா என்றால், கேட்காதபோது போக வேறு இடமும் சட்டத்தில் இருக்கிறது: 2003 மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரையும் தந்திருக்கிறது. வழக்கு முடியும்வரை கரண்ட் போய்விடுமோ என்று பயந்து முழுத் தொகையையும் கட்டுபவர்கள் 56-ஆம் பிரிவை அறிய வேண்டும். பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் 15 முழு நாள் எழுத்து மூல அறிவிப்பு தர வேண்டும். கேட்கும் தொகை, முந்தைய 6 மாதச் சராசரி ஆகிய இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. கட்டும்போது “ஆட்சேபத்துடன்” என்று எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.