பலனை எதிர்பாராதே என்று யார் சொல்வது?

மாசி மகத் தேர் சமயத்தில் காரமடை அரங்கநாதர் கோயிலுக்கு வந்தவர்கள் பந்த சேவையைப் பார்த்திருப்பார்கள். எரிகிற பந்தத்தைப் பிடித்துக்கொண்டு, கோவிந்தா கோஷத்தோடு ஆடி வருகிறவர்களுக்குக் கூலி கிடையாது, மேஸ்திரியும் கிடையாது. தண்ணீர் சேவையும் கவாள சேவையும் அப்படித்தான். இவர்களில் சிலர் திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குக் கிளம்ப அலுத்துக்கொள்கிறவர்களாகவும் இருக்கலாம். கோயிலில் வருகிற வேகம் பட்டறையில் எங்கே போகிறது?

கீதை தருகிற பதில் நேரானது. ஆறாம் அத்தியாயம் 5-ஆம் சுலோகத்தின்படி, தன்னைத் தானேதான் தூக்கிவிட வேண்டும். தனக்கு உறவும் பகையும் தானே. பதினெட்டில் 46-ஆம் சுலோகம் அவரவர் தொழிலையே பூஜை ஆக்கிவிடுகிறது. காரமடைத் தோட்டத்தில் கறிவேப்பிலை அறுத்துக் கட்டுகிறவருக்கும் சிறுமுகையில் பட்டுத்தறி நெய்கிறவருக்கும் இது பொருந்தும். பொள்ளாச்சிப் பக்கம் 1898-இல் பிறந்த சுவாமி சித்பவானந்தர் கீதைக்குத் தமிழில் விரிவான உரையே எழுதியிருக்கிறார். 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் பக்கத்தில், பெரியநாயக்கன்பாளையத்தில்தான் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்குக் கர்மயோகம் புதுச்சரக்கல்ல.

இப்போது அதைக் கம்பெனிக்குள் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. ‘கீதை சொல்லும் மேலாண்மை’ என்று சொற்பொழிவு வைக்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் 47-ஆம் சுலோகத்தை எடுத்து, பலனை எதிர்பாராமல் உழை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். போனஸ் பேச்சு நடக்கிற மாதத்தில் இதைக் கேட்கிற தொழிலாளிக்கு என்ன தோன்றும்? நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் அது யோகம். சம்பளம் கொடுக்க வேண்டியவர் சொன்னால் சந்தேகம் வரத்தானே செய்யும்!

சொற்பொழிவு கேட்டபின் மனசு லேசாகிறது, வேலையும் ஓடுகிறது என்கிறவர்களும் உண்டு. இருக்கட்டும்.

ஆனால் கீதையைச் சொன்னவன் மேடையில் நிற்கவில்லை. கடிவாளம் பிடித்துக் களத்தில் கூடவே இருந்தான். எனக்கு அடைய வேண்டியது ஒன்றுமில்லை, ஆனாலும் வேலை செய்கிறேன் என்று மூன்றாம் அத்தியாயத்தில் தன்னையே சாட்சிக்கு இழுக்கிறான். ஆறாம் அத்தியாயம் 17-ஆம் சுலோகம் சாப்பாடு, உழைப்பு, தூக்கம் எல்லாவற்றுக்கும் அளவு வைக்கிறது. அடுத்தடுத்து இரண்டு ஷிப்டு பார்க்கச் சொல்லும் இடத்தில் இந்தச் சுலோகத்தை வாசிப்பார்களா?

கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதிய விதி. அடுத்த சொற்பொழிவுக்குப் பந்தல் போடும்போது, ஓ.டி. நோட்டையும் மேஜைமேல் எடுத்து வைத்தால் கூட்டம் இன்னும் கவனமாகக் கேட்கும்.